“இல்லை” என்று வந்த ரிப்போட்

2018 மே மாதம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில், மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். பைக்குள் தீப்பெட்டியைவிடச் சின்ன மெழுகுக் கட்டி ஒன்று. அந்த மெழுகுக்குள் என் அக்காவின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த தசை. ஆய்வுகூடத்தில் அதை ‘ப்ளொக்’ என்கிறார்கள். பகல் வெயிலில் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லியிருந்ததால்தான் இரவுப் பயணம். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தியபோதும் நான் இறங்கவில்லை.

வங்கியில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கல்லடியில் இருக்கிறேன். அக்கா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அம்பிலாந்துறையில். மருத்துவம் நான் படித்ததல்ல. காசு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதனால்தானோ என்னவோ, அந்தக் கட்டியைச் சுமந்த இரவிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் சோதனைகளைக் கண்டுபிடிக்கவும் சரிபார்க்கவும் யார் காசு கொடுக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில், சில வருடங்கள் ஒரு சின்ன ஆராய்ச்சிக்குப் பணம் சேர்த்துக் கணக்கும் பார்த்தேன்.

அக்காவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று நாலு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது புத்தாண்டு நெருங்கிவிட்டது. ஏப்ரல் 12, வியாழக்கிழமை, தனியார் இடமொன்றில் பயொப்சி எடுத்தார்கள். மறுநாள் தொடக்கம் விடுமுறை. ஃபோமலின் (தசையைப் பதப்படுத்தும் திரவம்) குப்பிக்குள் இருந்த தசை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அங்கிருந்து ஆய்வுகூடத்துக்குப் போனது. அது ஒரு பிழை என்றே அன்று எங்களுக்குத் தெரியாது.

ரிப்போட் வந்தது. புற்றுநோய்தான். ஹோர்மோன் ஏற்பி பொசிட்டிவ், அதாவது ஹோர்மோனின் தூண்டலில் வளரும் வகை. ஹெர்-2 என்ற இடத்தில் ‘2+’ என்று எழுதியிருந்தது.

ஹெர்-2 என்பது கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். ‘பெருகு’ என்ற செய்தியைக் கலத்துக்குள் எடுத்துச் செல்வது அதன் வேலை. மார்புப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதமானவற்றில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதை உண்டாக்கும் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பதுதான் காரணம். அப்படியான கட்டி வேகமாக வளரும். ஆனால் அதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. ஹெர்செப்டின் என்றால் பலருக்கும் தெரியும். சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனையில் 0, 1+ என்று வந்தால் அந்த மருந்து வேண்டாம். 3+ என்றால் வேண்டும். 2+ என்றால் தீர்மானிக்க முடியவில்லை, ஃபிஷ் என்ற அடுத்த சோதனையில் மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அதற்காகத்தான் அந்த பஸ் பயணம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது. எண்ணுவதற்குச் சிக்னல் தெரியவில்லையாம். தசை ஃபோமலினில் கூட நாள் கிடந்திருக்கலாமாம். அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மார்பிலிருந்து எடுத்த தசையை ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோமலினில் போட வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். உலகம் முழுக்க நோயியல் ஆய்வுகூடங்கள் பின்பற்றும் நியமம் அது. அக்காவின் தசை புத்தாண்டு முடியும் வரைக்கும் ஐந்து நாள் கிடந்தது. மருந்துக்கு மில்லியன் கணக்கில் டொலர் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மருந்து இந்த மனிசிக்குப் பொருந்துமா என்ற பதில், யாரும் நேரம் எழுதாத ஒரு பிளாஸ்டிக் குப்பியில் கெட்டுப்போனது. அந்தக் கவலை எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. அதிலே எடுத்த தசையை நேரத்துக்குப் பதப்படுத்தினார்கள். அந்த ப்ளொக்கை எடுத்துக்கொண்டு நான் மறுபடியும் கொழும்புக்குப் போனேன். கீமோவைத் தொடங்குவோம், ஹெர்-2 முடிவு வந்ததும் அடுத்ததைத் தீர்மானிப்போம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். யூலை முதல் வாரத்தில் முடிவு வந்தது: இல்லை. அக்காவின் கட்டியில் அந்த மரபணு பெருகியிருக்கவில்லை.

அதற்குள் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. மருந்து வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் அரச ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று எதுவும் தெரியும் முன்னமே, அத்தான் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்கக் கதைத்து வைத்திருந்தார். யாரோ பக்கத்து வாட்டில் ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். ரிப்போட்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்லையெண்டு சொல்லவா மச்சாள் இவ்வளவு காசு குடுத்த?” என்று கேட்டார்.

எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அத்தான் கேட்ட அதே கேள்வியைத்தான் உலகத்தில் காசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ‘உண்டு’ என்று சொல்லும் சோதனைக்குப் பின்னால் விற்பதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ‘இல்லை’ என்று சொல்லும் சோதனைக்குப் பின்னால் விற்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இல்லை அக்காவுக்கு என்ன செய்தது? மூன்று கிழமைக்கு ஒருமுறை என்று ஒரு வருடம் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்து அது. சிலருக்கு இதயத்தின் பலத்தைக் குறைக்கும் என்பதால் இடைக்கிடை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அம்பிலாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், கடந்து பஸ் பிடித்து வருகிற மனிசிக்கு, பயன் தராத மருந்துக்காக அந்த அலைச்சல். வயலும் ஈட்டில் போயிருக்கும்.

ஓய்வில் இருந்தவள்தானே, வாசிக்கத் தொடங்கினேன். விளங்காததை ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வேன். எங்கள் ஒழுங்கையில்தான் அவர் வீடு.

கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1987இல் 189 மார்புக் கட்டிகளை ஆராய்ந்து, ஹெர்-2 மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வருகிறது என்று எழுதினார்கள். அதன் பிறகும் மருந்தாக்கும் வேலைக்குப் போதிய பணம் வரவில்லை. கைகொடுத்தது ரெவ்லோன், உதட்டுச்சாயம் விற்கும் அழகுசாதன நிறுவனம். மூன்று வருடத்துக்கு 24 இலட்சம் டொலர் தந்தது. 1998 செப்ரெம்பரில் அமெரிக்காவில் ட்ராஸ்டுசுமாப் அங்கீகாரம் பெற்ற அதே நாளில், அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் சோதனைக் கிட்டும் அங்கீகாரம் பெற்றது. மருந்தும் சோதனையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த நாள் அது. சோதனை இல்லாமல் எல்லாருக்கும் அந்த மருந்தைக் கொடுத்துப் பரிசோதித்திருந்தால், ஐந்தில் ஒருவருக்குக் கிடைத்த பயன் மற்ற நாலு பேருக்குள் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு கதை. அதே 1998இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு முத்திரை வெளியிட்டது. சாதாரண முத்திரை 32 சதம், இது 40 சதம். கடிதம் போடுகிறவர்கள் விரும்பிக் கூடுதலாகக் கொடுத்த அந்தச் சதங்கள் சேர்ந்து பல கோடி டொலராகி ஆராய்ச்சிக்குப் போயின. அதில் ஒரு பகுதி டெய்லர்-எக்ஸ் என்ற பெரிய ஆய்வுக்குப் போனது. 10,273 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஹோர்மோன் ஏற்பி பொசிட்டிவ், ஹெர்-2 இல்லை, கக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவவில்லை என்ற நிலையில் இருந்தவர்கள். கட்டியின் 21 மரபணுக்களை அளந்து ஒரு புள்ளி கொடுக்கும் சோதனையை வைத்து, நடுத்தரப் புள்ளி வந்தவர்களுக்குக் கீமோ உண்மையாகவே தேவையா என்று பார்த்தார்கள். 2018 யூனில், அக்காவின் இரண்டாவது ப்ளொக்கோடு நான் அலைந்துகொண்டிருந்த அதே மாதத்தில், முடிவு வெளிவந்தது. இந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, முக்கியமாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஹோர்மோன் மாத்திரையே போதும், கீமோ வேண்டாம். அக்காவுக்குக் கணுக்களுக்கும் பரவியிருந்தது. அந்த முடிவு அவருக்கு உதவவில்லை. ஆனாலும் முத்திரை ஒட்டிய முகம் தெரியாத மனிதர்களை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ‘இந்த மருந்து உனக்கு வேண்டாம்’ என்று சொல்வதற்காகச் சதம் சதமாகக் காசு கொடுத்திருக்கிறார்களே.

2019இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். ஆராய்ச்சி அனுபவமுள்ள டொக்டர் ஒருவர், விரிவுரையாளர் ஒருவர், அந்த ஆய்வுகூட அண்ணன், கணக்குக்கு நான். கேள்வி சின்னது. எங்கள் பகுதியில் எடுக்கப்படும் மார்புத் தசை எத்தனை மணித்தியாலத்தில் ஃபோமலினுக்குள் போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கும் ஹெர்-2 சோதனை தீர்மானமில்லாமல் வருவதற்கும் தொடர்பு உண்டா? முதல் கட்டத்துக்கு மெசின் வேண்டியதில்லை. நேரம் எழுத லேபல், தண்ணீரில் அழியாத மைப் பேனா, பதிவுப் புத்தகம், தகவல் சேர்க்க ஒரு பிள்ளைக்குச் சம்பளம், அவ்வளவுதான். இரண்டாம் கட்டத்தில் கிட் வாங்கித் திரும்பச் சோதிப்பதாக இருந்தது.

காசு கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, இந்தச் சின்னக் கேள்விக்குப் பணம் கேட்பது எவ்வளவு கடினம் என்று.

அரச நிதிக்குப் போக வழி இருக்கிறது. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை விண்ணப்பம் கோருகின்றன. ஆனால் நம் நாட்டில் ஆராய்ச்சிக்கென்று செலவாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான். அதற்குள் எத்தனை துறை, எத்தனை பேர். அந்த நிதிக்கு எங்களைப் போன்ற பொதுமக்கள் விண்ணப்பிப்பதும் நடக்காது. நிறுவனமொன்றில் இருக்கும் முதன்மை ஆராய்ச்சியாளர்தான் கையெழுத்திட வேண்டும், பணமும் அந்த நிறுவனக் கணக்குக்கே போகும். இதைத் தெரியாமல் ஆறு மாதம் வீணாக்கினோம். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், உண்டியலைத் தூக்குமுன் நிறுவனத்துக்குள் இருக்கும் ஆளைப் பிடியுங்கள்.

அப்புறம் வெளிநாடு. அக்காவின் மகன் சுவிஸில் இருக்கிறான். ஊர்ச் சங்கத்தில் கதைத்துவிட்டு எடுத்தான். “சின்னம்மா, மெசின் ஒண்டு வாங்கித் தாறம் எண்டு சொல்லுறாங்க. படம் எடுத்துப் போடலாமாம், பேரும் எழுதலாமாம்.” அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பனிக்குள் எழும்பிப் போய் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு. அது எங்கே நிற்கிறது என்று கண்ணால் காண ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் மெசினுக்கு வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், ரியேஜன்ட் என்ற சோதனை இரசாயனம் வேண்டும், இயக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் காசை யாரும் தருவதாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு மாதம் மருமக்கள் யாரும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நான் வேறொரு வழி பிடித்தேன். செலவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒவ்வொரு மாதமும் அனுப்பினேன். இந்த மாதம் லேபல் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, போக்குவரத்து இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. நோயாளியின் பெயரோ படமோ ஒருபோதும் இல்லை. நாலாவது மாதம் சங்கத்திலிருந்து தாங்களாகவே பணம் அனுப்பினார்கள், சம்பளத்துக்கென்று குறிப்பிட்டு. கொடுப்பவருக்குக் காட்டுவதற்கு மெசின் இல்லையென்றால் கணக்கைக் காட்டுங்கள். நேர்மையான கணக்கும் கண்ணுக்குத் தெரியும் பொருள்தான்.

முதல் காசு ஆனால் ஊரிலிருந்துதான் வந்தது. கல்லடியில் நாங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் பிடிக்கும் சீட்டு ஒன்று இருக்கிறது. ஒரு மாதச் சீட்டை அப்படியே தந்துவிட்டார்கள். அதில் மீன் வியாபாரம் செய்கிற ஒருவர், “கோயிலுக்குக் குடுத்தா கல்லுல பேர் நிக்கும். இது எங்க கா நிக்கும்?” என்று கேட்டார். குப்பியில் நேரம் எழுதியிருக்கும் லேபலைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

நாங்கள் அதிகம் மினக்கெட்டது சம்மதப் படிவத்தில். ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு தசைத் துண்டையும் தொட முடியாது. நோயாளியின் கையெழுத்தும் வேண்டும். முதல் படிவம் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. “உங்கள் கட்டியின் மரபணு பரிசோதிக்கப்படும்” என்று ஒரு வரி. அதை வாசித்துக் காட்டியதும் ஒரு அம்மா பேனையை வைத்துவிட்டார். “மரபணு எண்டா பரம்பரை தானே புள்ள? எனக்குக் கல்யாணம் பேசுற குமர் ரெண்டு இரிக்கி.” எங்களுக்கு வாயடைத்துப்போனது. ஹெர்-2 பெருக்கம் கட்டிக்குள் மட்டும் வந்த மாற்றம். தாயிடமிருந்து மகளுக்குப் போவதில்லை. பிராக்கா போன்ற மரபணுக்களில் பிறப்பிலேயே வரும் மாற்றம் வேறு கதை. அது குடும்பத்துக்குள் போகும், அந்தச் சோதனைக்கு ஆலோசனையும் வேறு விதம். இந்த வேறுபாட்டை எங்கள் படிவம் சொல்லவே இல்லை. உண்மையான சம்மதம் வேண்டுமென்றால் அந்தப் பயத்துக்குப் பதில் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

திருத்தி எழுதினோம். “இது கட்டியில் மட்டும் உள்ள மாற்றத்தைப் பார்க்கும் சோதனை. உங்கள் பிள்ளைகளைப் பற்றி இது எதையும் சொல்லாது. விருப்பமில்லை என்றாலும் உங்கள் சிகிச்சை அப்படியே நடக்கும். இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு நேரடியாகப் பயன் கிடைக்காமல் போகலாம்.” கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், ஆட்கள் சேரமாட்டார்களாம். டொக்டர் விடவில்லை. அவர் செய்தது சரி. திருத்தியதை, முஸ்லிம் மக்கள் வாழும் காத்தான்குடியில் ஒரு வீட்டில் பெண்களைக் கூட்டி வாசித்துக் காட்டினோம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரண்டு ஊர்களுக்கும் இடையில் போக்குவரத்தே குறைந்திருந்த காலம். இரண்டு பக்கத்துக்கும் தமிழ்தான் மொழி என்றாலும், படிவத்தில் மூன்று சொற்கள் அவர்களுக்கு வேறு மாதிரி விளங்கின. அவர்கள் சொன்ன சொற்களையே போட்டோம். தேநீரும் தந்து, அடுத்த முறை வாசிக்கத் தங்கள் மகளையே அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இரண்டாம் கட்டம் நடக்கவில்லை. கிட்டுக்கு விலை கேட்டபோது ஒரு டொலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் போன காலமும் அதுதான். குளிரில் வைக்க வேண்டிய ரியேஜன்டை எந்தக் குளிர்ப்பெட்டியை நம்பி வாங்குவது? இன்னொன்றையும் ஆய்வுகூட அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். கிட்டில் இருபது சோதனைக்கு என்று எழுதியிருந்தால் இருபது நோயாளிக்குப் போதும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும், சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொன்ட்ரோல் ஸ்லைட் ஓட்ட வேண்டும். அதுவும் அந்தக் கணக்கில்தான் கழியும். நோயாளிகள் ஒருவர் ஒருவராக வரும் எங்களைப் போன்ற இடங்களில் கொன்ட்ரோலுக்கே பெரும்பங்கு போய்விடும். வரவுசெலவுத் திட்டம் எழுதுகிறவர்கள், கிட்டின் விலையை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். டொலர் விலை, காலாவதித் திகதி, கொன்ட்ரோல், மின்சாரம் எல்லாம் அதற்குள் வர வேண்டும். நாங்கள் கிட்டுக்கு வைத்திருந்த காசைக் கொடுத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு முதல் கட்டத்துக்கே மாற்றினோம். சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அந்தக் கொடிய மாதங்களில் நிறுத்தாமல் வைத்திருந்தோம். எங்கள் தீர்மானங்களில் நான் மனம் நிறைந்து நினைப்பது அதைத்தான்.

வீட்டில் யாருக்காவது பயொப்சி எடுக்க நேர்ந்தால் தயவுசெய்து கேளுங்கள்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எப்போது ஆய்வுகூடத்துக்குப் போகும்? நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் என்றால், அன்றே அனுப்ப வழியுண்டா என்று கேளுங்கள். அவசரமில்லாத பயொப்சி என்றால் இரண்டு நாள் தள்ளி எடுக்கலாமா என்று டொக்டரிடமே கேட்கலாம். ப்ளொக் எங்கே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வருடங்கள் கழித்தும் அதிலிருந்து வெட்டிப் புதுச் சோதனை செய்யலாம். ரிப்போட்டில் 2+ என்று இருந்தால் அது முடிவல்ல. முடிவு வருமுன் நகையையோ வயலையோ ஈடு வைக்க ஓடாதீர்கள். அடகுக் கவுன்டரில் இருந்தவள் நான், எத்தனை தாலிக்கொடி திரும்பிப் போகவில்லை என்று கண்டவள்.

அக்கா இன்றைக்கும் ஹோர்மோன் மாத்திரை குடித்துக்கொண்டு, கிளினிக் திகதிக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கிப் போகிறார்.

போன மாசி மாதம் வெட்டு முடிந்த கையோடு அத்தான் வந்தார். ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டு, சேட்டுப் பையிலிருந்து மடித்த காசை எடுத்து மேசையில் வைத்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்து, யார் பெயரில் எழுதட்டும் என்று கேட்டேன்.

“பேர விடுங்க மச்சாள். ஈடு வைக்காத வயல்ல விளைஞ்ச காசு. அந்தக் குப்பி, லேபல், பேனை எண்டு சொன்னீங்களே, அதுக்குப் போடுங்க.”